பிரசவ வார்டுக்குப் பின்னால்

அகமதி முகாம், குவைத்
14.7.1991

அன்புள்ள புஷ்பம்,

வந்து சேர்ந்தேன். விமானம் இறங்கியபோது பகல் பன்னிரண்டு மணி என்றார்கள். வெளியே பார்த்தால் பொழுது சாய்ந்த மாதிரி இருந்தது. எண்ணெய்க் கிணறுகள் எரிகின்றன. போன வருடம் சண்டை தொடங்கியபோது உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தேனே, அந்த ஊர் இதுதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பட்டப்பகலில் கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போகின்றன. நேற்றுச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். எடுக்கும்போது அதில் கறுப்புப் பொட்டுகள். இங்கே எண்ணெய் தூறுகிறது, புஷ்பம்.

அறுந்து கிடக்கும் மின்கம்பிகளை மறுபடி இழுத்துக் கட்டுவது என் வேலை. பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளதேசத்துக்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளம் தெரியாது. வேலை முடிந்து வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்போம்.

நான் புறப்பட்ட அன்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து மாதம் உன் குவார்ட்டர்ஸில் இருந்தேன். தண்ணீர் பிடித்தேன், சோறாக்கினேன், நீ டியூட்டி முடிந்து வருகிறாயா என்று வாசலைப் பார்த்தேன். மேல்நத்தத்தில் யாராவது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களா? "நர்சம்மா வூட்டுக்காரரு கீறாரா?" என்றுதான் கேட்டார்கள். அது தப்பில்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு... சரி, விடு. இதை உனக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்திருந்தால் நமக்குள் சண்டையே வந்திருக்காது.

பதில் போடு. திட்டியாவது போடு.

டெனிசன்


செவிலியர் குடியிருப்பு, மேல்நத்தம்
6.8.1991

திரு. டெனிசன் அவர்களுக்கு அன்னபுஷ்பம் எழுதுவது.

திட்டுவதற்கு இப்போது நேரமில்லை. புகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நீங்கள் புகையைத் தேடிக்கொண்டு கடல் கடந்து போனீர்கள். எனக்கு அது வாசலுக்கே வருகிறது.

பிரசவ வார்டுக்குப் பின்னால் சாயங்காலம் எரிப்பார்களே, நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத்துணி, ரப்பர் குழாய், மருந்துக் குப்பி, சமையலறை எச்சில், எல்லாம் ஒரே குவியல். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு குச்சியைக் கிழித்துப் போட்டால் அன்றைய வேலை முடிந்தது. போன வாரம் குவியலில் உடைக்காத குப்பி ஏதோ கிடந்திருக்கிறது. சின்னப்பொண்ணு கம்பால் கிளறிவிட்டிருக்கிறாள். பட்டென்று சத்தம் கேட்டது. நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓடினேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம்.

சின்னப்பொண்ணு யாரென்று நினைவிருக்கும். கூட்டிப் பெருக்குகிறவள். நான் இல்லாத நேரத்தில் உங்களிடம் வத்திப்பெட்டி கேட்டு வாங்கிப் போவாளே, அவள்தான். அந்த நெருப்புக்கு எத்தனை தடவை நம் வீட்டுக் குச்சி போயிருக்கிறதோ.

மெட்ராஸ் கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். அந்தக் கண்ணில் இனிமேல் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்து டாக்டர் இராமச்சந்திரனிடம் சொன்னேன். "அவ ஏன் அவ்வளவு கிட்டப் போய் நின்னா?" என்றார். அத்தோடு சரி. அன்றைக்குச் சாயங்காலமும் அதே இடத்தில் நெருப்பு எரிந்தது. வேறொருத்தி கம்பு பிடித்து நின்றாள்.

நான் இதை நிறுத்தப் போகிறேன். எப்படி என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் சொல்ல ஆளில்லை, அதனால் எழுதுகிறேன்.

அன்னபுஷ்பம்


அகமதி முகாம்
30.8.1991

அன்புள்ள புஷ்பம்,

"திரு. டெனிசன் அவர்களுக்கு" என்பதைப் பார்த்ததும் ஏதோ பாங்கிலிருந்து வந்த கடிதம் என்று நினைத்தேன். உள்ளே உன் கையெழுத்து. சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கினேன். வத்திப்பெட்டி என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நான்தான் எடுத்துக் கொடுப்பேன். "நாளைக்குத் தரேன்" என்பாள், ஒருநாளும் திருப்பித் தந்ததில்லை. அவளிடம் நான் கேட்டதாகச் சொல். 

ஆனால் நீ இதில் தலையிடாதே. கோபப்படாமல் கேள். அது அரசாங்க ஆஸ்பத்திரி. நீ சேருவதற்கு முன்பும் எரித்தார்கள், நீ மாற்றலாகிப் போன பிறகும் எரிப்பார்கள். டாக்டருக்கு இல்லாத அக்கறை உனக்கு எதற்கு? ஏதாவது ஆனால் எங்கேயாவது மூலையில் தூக்கிப் போடுவார்கள். பக்கத்தில் நானும் இல்லை. கூட வேலை செய்கிறவர்களை விரோதித்துக்கொண்டு அந்தக் காம்பவுண்டுக்குள் நீ எப்படித் தனியாக இருப்பாய்?

இங்கே ஒரு கிணற்றை அணைக்க எத்தனை யந்திரம், எத்தனை நாட்டு ஆட்கள் தெரியுமா? அப்படியும் அடிவானத்தில் வரிசையாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நீ ஒரே ஒரு ஆள், புஷ்பம். டியூட்டியைப் பார், வீட்டுக்கு வா, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். எனக்கு அது போதும்.

டெனிசன்


மேல்நத்தம்
22.9.1991

டெனிசன் அத்தானுக்கு,

நீங்கள் வேண்டாம் என்று எழுதிய கடிதம் வருவதற்கு முன்பே குழி வெட்டியாகிவிட்டது.

டாக்டரிடம்தான் முதலில் கேட்டேன். "செலவு கேக்காத வரைக்கும் என்ன வேணும்னாலும் செய்ங்க சிஸ்டர். எனக்குப் புகார் மட்டும் வரக் கூடாது" என்றார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன். நான் பயிற்சி எடுத்த மிஷன் ஆஸ்பத்திரியில் எல்லாக் குப்பையையும் ஒன்றாகக் கொட்ட விடமாட்டார்கள். அதே முறைதான். பிளீச்சிங் பவுடர் வந்த காலி டின்களைக் கழுவி நானே பெயிண்ட் அடித்தேன். ஊசியும் உடைந்த கண்ணாடியும் சிவப்பு டின்னில், மருந்துத் தண்ணீருக்குள். சமையலறைக் கழிவு பச்சை டின்னில், அது தோட்டத்து எருக்குழிக்கு. பஞ்சு, கட்டுத்துணியெல்லாம் பின்சுவரை ஒட்டி வெட்டிய ஆழக் குழியில், சுண்ணாம்பு தூவி, மேலே மண். அந்தப் பள்ளத்தில் மண் மிருதுவாக இருந்தது, அதனால் சீக்கிரம் வெட்ட முடிந்தது. மூடுவதற்கு ஒரு தகரம் போட்டிருக்கிறேன். மூன்று வாரமாக வார்டுக்குப் பின்னால் நெருப்பு இல்லை.

சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வார்டில் என்னோடு வேலை செய்யும் சரோஜா, "நோயாளியப் பாக்கறதா, குப்பையப் பாக்கறதாக்கா? இதுக்கா நர்ஸ் படிச்சோம்?" என்கிறாள். வேண்டுமென்றே எல்லாவற்றையும் ஒரே டின்னில் போட்டுவிட்டுப் போகிறாள். நான் கையுறை மாட்டிக்கொண்டு பிரித்துப் போடுகிறேன். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் வெளியே வந்ததும் தொடங்குகிறது. வராந்தாவில் நின்றால் என் பெயர் காதில் விழும்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். சின்னப்பொண்ணு வேலைக்குத் திரும்பினாள். ஆவலோடு குழியைக் காட்டினேன். ஒரு கண்ணால் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா சிஸ்டர், குழி வெட்னா என் கண்ணு வந்துடுமா? இத்தினி வருசம் நீயும் இங்கதான இருந்த?" என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் தகரத்தை இழுத்துக் குழியை மூடினேன்.

நான் ஒரே ஒரு ஆள் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியாமலா இருக்கிறது?

அன்னபுஷ்பம்


அகமதி முகாம்
16.10.1991

அன்புள்ள புஷ்பம்,

உன் கடைசி வரியைப் படித்த பிறகு அன்றைக்கு வேலை ஓடவில்லை. கம்பத்தின் மேல் உட்கார்ந்து எந்தக் கம்பியை எதோடு இணைப்பது என்று மறந்து போனேன். கீழே இருந்து மேஸ்திரி கத்தினார்.

இங்கே எரிந்த கிணறுகளிலிருந்து வழிந்த எண்ணெய் பள்ளங்களில் ஏரி மாதிரி நிற்கிறது. மேலே வானம் தெரியும், அவ்வளவு பளபளப்பு. தூர தேசத்திலிருந்து வரும் பறவைகள் தண்ணீர் என்று இறங்கிவிடுகின்றன. முந்தாநாள் ஒன்று கரைக்குப் பக்கத்திலேயே இறங்கியது. கம்பை நீட்டி இழுத்து எடுத்தேன். இறக்கையைத் துடைத்தேன், சோப்புப் போட்டுக் கழுவினேன். அது என்னைக் கொத்திக்கொண்டே இருந்தது. முகாமுக்குள் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்தேன். காலையில் செத்திருந்தது. மற்றவர்கள், "விடு, ஆயிரம் சாகுது" என்றார்கள். உனக்கு நான் எழுதிய மாதிரியே பேசினார்கள். அப்போதுதான் அந்தப் பேச்சைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்தது.

உன் கடிதத்தைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் காட்டினேன். கையாலேயே சொன்னேன். குழி, டின், நெருப்பு இல்லை. உன் போட்டோவையும் காட்டினேன். அவர் புரிந்துகொண்டு, "நர்ஸ்? குட், குட்" என்று என் தோளைத் தட்டினார். ஏதோ நானே குழி வெட்டிய மாதிரி எனக்கு மார்பு நிமிர்ந்தது.

எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. எழுதுவதற்குச் சுலபமாக இருக்கிறது. நேரில் இருந்தால் நாக்கு எழுந்திருக்காது.

இருமினால் சளி கறுப்பாக வருகிறது. பயப்படாதே, முகாமில் எல்லோருக்கும் அப்படித்தான்.

உன் டெனிசன்


மேல்நத்தம்
9.11.1991

அன்புள்ள அத்தானுக்கு,

பெருமையாக இருக்கிறது என்ற உங்கள் கடிதம் எந்த நாளில் வந்தது தெரியுமா? தபால்காரர் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கம் கன்னியப்பனுடைய வயலில் நின்று ஆஸ்பத்திரிக் குப்பையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

விடாத மழை. அந்தப் பள்ளத்தில் மண் ஏன் மிருதுவாக இருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. ஊர் ஏரி நிரம்பினால் தண்ணீர் முதலில் வந்து நிற்கும் இடம் அது. குழி நிரம்பித் தகரம் மிதந்து, உள்ளே போட்டதெல்லாம் பின்சுவர் உடைப்பு வழியாக அடுத்த வயலுக்குப் போய்விட்டது. நட்டு ஒரு மாதமான பயிர். பச்சைக்கு நடுவே ரத்தத் துணி. எழுதவே கூசுகிறது.

கன்னியப்பன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று சத்தம் போட்டார். நோயாளிகள் எல்லாம் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். "எரிச்சிக்கினு இருந்தாங்க, பொகை வந்துச்சு, போச்சு. நீ பூமிக்குள்ள பொதச்ச. இப்போ என் சோத்துல வந்து மெதக்குது. இதான் உன் சுத்தமா நர்சம்மா?" ஊசியும் கண்ணாடியும் சிவப்பு டின்னில் பத்திரமாக இருந்தன, இல்லாவிட்டால் அந்த வயலில் யாரும் கால் வைத்திருக்க முடியாது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வரப்பில் சின்னப்பொண்ணு நின்றாள், தலையில் கோணிப்பை. "நான் எறங்க மாட்டேன், சொல்ட்டேன். எங்க கீதுன்னு வேணா காட்றேன்" என்றாள். "அந்தாண்ட ஒண்ணு. இன்னும் தள்ளி. அய்ய, உனுக்கு ரெண்டு கண்ணு கீது, இது தெர்ல?" இப்படியே பொழுது சாயும் வரை நின்றாள். நான் பொறுக்கினேன்.

மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார்கள். அனுமதி இல்லாமல் அரசு நிலத்தில் பள்ளம் தோண்டினேனாம். டாக்டர் முகத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே இந்தப் பேச்சே வேணாம் சிஸ்டர்" என்றார். வார்டுக்குப் பின்னால் மறுபடி எரிக்கிறார்கள். டின்களில் யாரோ தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிடுங்கள், அவர் நினைத்த மாதிரி ஒன்றுமில்லை என்று. சளி எப்படி இருக்கிறது? கறுப்பாக வருவதை எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஒரு நர்ஸுக்கு எழுதுகிறீர்கள். அங்கே டாக்டர் இருந்தால் போய்க் காட்டுங்கள்.

அன்னபுஷ்பம்


அகமதி முகாம்
2.12.1991

அன்புள்ள புஷ்பம்,

நான் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று மட்டும் கையை ஆட்டிக் காட்டினேன். அவர் ஊரிலும் மழை வரும். தலையைத் தலையை ஆட்டினார்.

முதல் குழி மூழ்கியது. அவ்வளவுதானே? இங்கே ஒரு கிணற்றை மூன்று தடவை மூடி, மூன்று தடவையும் பிய்த்துக்கொண்டு எரிந்ததைப் பார்த்தேன். நான்காவது தடவை அடங்கியது. நான் ஊரில் இருந்திருந்தால் உன்னோடு வயலில் இறங்கியிருப்பேன். மண்வெட்டியும் பிடித்திருப்பேன். இதை எழுத எனக்கு உரிமை உண்டா என்று கீழே படித்துவிட்டு நீயே முடிவு செய்.

போன மாதம் கடைசிக் கிணற்றையும் அணைத்துவிட்டார்கள். ஒருநாள் மதியம் வெளியே வந்தால் நீல வானம். எல்லா நாட்டு ஆட்களும் முகாமுக்கு வெளியே வந்து அண்ணாந்து நின்றோம். எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் பக்கத்தில் இருப்பவனிடம் "பார், பார்" என்று சொல்லக்கூட ஒருவருக்கொருவர் பாஷை இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டோம். எனக்கு அன்றைக்குத்தான் மிகவும் தனியாக இருந்தது. இருட்டில்கூட அப்படி இருந்ததில்லை.

சளி இப்போது பரவாயில்லை. டாக்டரிடம் காட்டினேன், நெஞ்சு சுத்தம் என்றார். இது பொய்யில்லை.

புஷ்பம், எண்ணெய் ஏரிகளை அள்ளிச் சுத்தம் செய்யும் கம்பெனியில் ஒரு வருடம் கூப்பிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டுவிட்டுப் போடலாம் என்றுதான் இருந்தேன், அவர்கள் காத்திருக்கவில்லை. அதுவும் முழு உண்மையில்லை. அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில் மறுபடி வந்து உட்காருவதற்கு எனக்குப் பயமாக இருக்கிறது. இங்கே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மண் தெரிகிறது. அதை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

கிறிஸ்துமஸுக்கு நீ என்ன செய்வாய்?

உன் டெனிசன்


மேல்நத்தம்
27.12.1991

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்துமஸ் அன்று அதிகாலை ஆராதனைக்குப் போனேன். "அவர் வரலியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "அடுத்த வருஷம்" என்று சொன்னேன். சொல்லிச் சொல்லி அது எனக்கே பழகிவிட்டது. பிறகு டியூட்டிக்கு வந்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டதில் எனக்குக் கோபம்தான். கடிதத்தை மடித்து மேசைக்குள் போட்டுவிட்டு இரண்டு நாள் எடுக்கவில்லை. ஆனால் மண் தெரிகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை மறுபடி எடுத்துப் படித்தேன். அதைப் புரிந்துகொள்ள முடியாத ஆளில்லை நான்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மழை நின்றதும் ஊறிப்போன குப்பையை எரிக்கப் பார்த்தார்கள். தீ பிடிக்கவில்லை, புகைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் விடியற்காலையில் காற்று திரும்பி அவ்வளவு புகையும் பிரசவ வார்டுக்குள் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன், பயனில்லை. முந்தின நாள் பிறந்த ஒரு பெண் குழந்தை மூச்சுக்குத் திணறியது. அதன் தாய் காவேரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், எம் பொண்ணு நீலமாப் போவுது" என்றாள்.

யோசிக்கவெல்லாம் இல்லை. "பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டு எல்லாரும் என் பின்னால வாங்க" என்றேன். புகை எட்டாத அறை ஒன்றுதான், முன்பக்கத்து டாக்டர் அறை. மேசையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தேன். திரும்பிப் பார்த்தால் சரோஜா தலையணைகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வருகிறாள். "சிலிண்டரையும் உருட்டிக்கிட்டு வரட்டாக்கா?" என்று கேட்டாள். குழந்தைக்கு ஆக்ஸிஜன் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வீறிட்டு அழுதது. அதற்குப் பிறகுதான் மற்றக் குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

டாக்டர் வந்தபோது அவர் நாற்காலியில் காவேரி உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலோடு நின்றுவிட்டார்.

"என்ன சிஸ்டர் இதெல்லாம்?"

"வார்டுக்குள்ள போய் ஒரு நிமிஷம் நின்னுட்டு வாங்க டாக்டர். அப்புறம் இன்னொரு மெமோ குடுங்க."

போனார். இருமிக்கொண்டே திரும்பி வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நம்ம காம்பவுண்டுல தண்ணி நிக்காத மேட்டு எடம் எது?" என்று கேட்டார்.

ரோட்டுப் பக்கத்து மேட்டில் இப்போது புதுக் குழி இருக்கிறது. பஞ்சாயத்துக் கிணற்றுக்கு வாங்கி மிஞ்சிய சிமெண்டு உறைகளை டாக்டரே கேட்டு வாங்கி இறக்கினார். தரைக்கு மேலே இரண்டு உறை உயர்த்திக் கூரையும் போட்டாயிற்று. உறைகளை வண்டியில் ஏற்றி வந்தது கன்னியப்பன். "உனுக்காகச் செய்யல. என் நெலத்தை வுட்டுத் தொலஞ்சா சரி" என்று சொல்லிவிட்டுத்தான் இறக்கினார். மெமோவை எச்சரிக்கையோடு முடித்துவிட்டார்கள். போன வாரம் மாவட்ட அதிகாரி வந்து பார்த்து, நல்ல ஏற்பாடு என்று டாக்டருக்குக் கை கொடுத்தார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு வருத்தமில்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

நேற்று மதியம் பம்ப் ரூம் வழியாக வந்தேன். படியில் சின்னப்பொண்ணு தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் கடந்து போனேன்.

"சிஸ்டர், துன்னியா?"

"இல்ல."

"குந்து. கருவாட்டுக் கொழம்பு கீது."

உட்கார்ந்தேன். தூக்கு மூடியில் சோறு போட்டு என் பக்கம் தள்ளினாள். சாப்பிட்டோம். உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. "உன் வூட்டுக்காரரு எப்போ வராரு?" என்று கேட்டாள். ஒரு வருடம் ஆகும் என்றேன். "ஐய" என்றாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். அவள் கண்ணைப் பற்றி நானும் எதுவும் பேசவில்லை. அது என்றைக்கும் அங்கேதான் இருக்கும், எங்கள் இருவருக்கும் நடுவில்.

நீங்கள் போன பிறகு ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருக்க நான் சாப்பிட்டது நேற்றுத்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

இத்தனை கடிதத்தில் நான் உங்களை ஒன்று கேட்கவே இல்லை. இப்போது கேட்டால், இது அங்கே வந்து சேர்ந்து உங்கள் பதில் இங்கே வருவதற்குள் பொங்கல் போய்விடும். இருந்தாலும் கேட்கிறேன். சாப்பிட்டீர்களா?

உங்கள் புஷ்பம்